வகுப்பறைக் கணக்கு யாருக்கு?

சென்னை எழும்பூரில் 1789-இல், கம்பெனிப் படையினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடந்துகொண்டிருந்தது. அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இல்லத்துப் பள்ளியில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவே இல்லை. அந்த நாட்களில் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போன பெல், பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் நடக்காத காரியம் என்று கையை விரித்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார் பெல். பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகே மற்ற வகுப்புகளுக்கும் அந்த ஏற்பாடு பரவியது. 1796-இல் ஊர் திரும்பிய அவர், மறு ஆண்டு இதைப் புத்தகமாக வெளியிட்டபோது, சென்னையில் செய்து பார்த்த ஒரு கல்விச் சோதனை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

குறை எது என்று வகுப்புக்குள்ளேயே கண்டறிவது, ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பது, பலித்தால் தொடர்வது, பலிக்காவிட்டால் வேறு வழி தேடுவது. இதைத்தான் இன்று செயலாராய்ச்சி என்கிறோம். அந்தப் பெயரை உளவியலாளர் குர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரை பரப்பியது. பள்ளி ஆசிரியர்களுக்கு உரிய முறையாக அதை வகுத்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோரி 1953-இல் எழுதிய நூல். வேலையோ பெயரைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. அதன் பழைய சான்றுகளில் ஒன்று நம் எழும்பூரிலேயே கிடைக்கிறது என்பதில் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றைப் பார்த்தால் பெருமை நெடுநேரம் நிற்காது. தமிழகத் தொடக்கப் பள்ளியின் கடந்த 230 ஆண்டுகளில் பிள்ளைகளை அளக்காத காலம் குறைவு. அந்த அளவு, நாளைய பாடத்தை மாற்றக்கூடியவர் கையில் இருந்தபோது பிள்ளைக்கு உதவியது. மேலே ஏறிப் போனபோதெல்லாம் காகிதமாகத் தங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை சான்றுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன.

பெல் பார்த்த பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது? அது திண்ணைப் பள்ளி. அங்கே வகுப்பு என்ற பிரிவு கிடையாது. ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான். பக்கத்தில் இருப்பவன் ஆத்திசூடியை ஒப்பித்துக்கொண்டிருப்பான். இன்னொருவன் எண்சுவடியில் குழிமாற்றுக்கு வந்திருப்பான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஒரு பாடம் முழுதாக வந்தால்தான் அடுத்த ஓலை. யார் எங்கே நிற்கிறார் என்பது வாத்தியாரின் நினைவில் இருந்த கணக்கு. அதை எழுதி யாருக்கும் அனுப்ப வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பிள்ளைக்கு வந்ததா வரவில்லையா என்பதில்தான் அவருடைய பிழைப்பும் இருந்தது, ஏனென்றால் சம்பளம் தந்தது பிள்ளை வீட்டார். இதை வைத்துத் திண்ணைப் பள்ளியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பிரம்பு ஒரு பக்கம். பெண்களையும் ஒடுக்கப்பட்ட சாதியாரையும் வெளியே நிறுத்திய வாசல் இன்னொரு பக்கம். பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை, பிள்ளைகள் பிள்ளைகளுக்கே கற்பிப்பதையும் செலவு குறைவாக இருப்பதையும் பாராட்டிவிட்டு, பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்றும் சேர்த்தே சொல்கிறது. வேகத்தை அளந்தார்கள், பொருளை அளக்கவில்லை. ஆனாலும் அளந்தவரும் கற்பித்தவரும் ஒரே ஆள் என்ற ஒரு குணம் அங்கே இருந்தது. பெல் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். எழும்பூரில் அவர் அன்றாடம் எவ்வளவு பாடம் முடிந்தது என்று பதிவேடு வைத்துக்கொண்டதும் அதே நோக்கத்தில். ஆனால் இங்கிலாந்தில் 1811-இல் தேசியச் சங்கம் இதைக் கையில் எடுத்தபோது, சோதனை விதியாகிவிட்டது. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரை வைத்துச் சமாளிக்கும் சிக்கன வழியாக அது ஊர் ஊராகப் பரவியது. எதையும் மாற்றிப் பார்க்கும் உரிமை, அதை நடத்திய ஆசிரியருக்கு இல்லாமல் போயிற்று.

சென்னை மாகாணத்தில் பெரிய கணக்கெடுப்பு என்று ஒன்று தொடங்கியது கவர்னர் தாமஸ் மன்றோ காலத்தில். 1822 ஜூன் 25-ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பின்படி எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் போனது. எத்தனை பள்ளி, எத்தனை மாணவர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சாதியார், என்ன நூல் படிக்கிறார்கள், எத்தனை ஆண்டு, மாதச் சம்பளம் என்ன? பதில்கள் வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்த முடிவு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், அவர்களில் பெண்கள் 4,540 பேர். அந்தக் காலத்துக்கு இது அசாதாரணமான உழைப்பு. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்தப் படிவங்களை விட்டு நகர முடியாது. 1931-இல் லண்டனில் காந்தி பேசிய பேச்சும் அதற்கு பிலிப் ஹார்டாக் எழுப்பிய மறுப்பும் ஆங்கில ஆட்சிக்கு முந்தைய கல்வியைப் பற்றிய சண்டைதான். 1983-இல் தரம்பால் தம் நூலில் மன்றோ காலத்துப் படிவங்களையே முன்வைத்து அந்த வழக்கை மீண்டும் திறந்தார். ஆனால் பிள்ளைக்கு எழுதப் படிக்க வந்ததா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. தலையை எண்ணினார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையை நம்பி மன்றோ கேட்ட 40 கலெக்டரேட் பள்ளிகளிலும் 300 தாசில்தாரிப் பள்ளிகளிலும் சிலவே திறக்கப்பட்டன. அவர் 1827-இல் இறந்துபோனார். திறந்தவையும் 1836-இல் மூடப்பட்டன. கணக்கு கொடுத்த திண்ணை வாத்தியார் எவருக்கும் அந்தக் கணக்கிலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை.

அடுத்த கட்டத்தில் கற்றலையும் அளக்கத் தொடங்கினார்கள், காசோடு சேர்த்து. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதித் தொகுப்பின்படி, பள்ளிக்கு அரசு தரும் மானியத்தில் பிள்ளை ஒன்றுக்கு 8 ஷில்லிங் வரை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றின் தேர்வை நம்பியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே சென்னை மாகாணமும் தேர்ச்சி மானிய முறையைப் பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் காசு. நியாயமாகப் பேசினால், இந்த முறையால் ஒரு நன்மையும் விளைந்தது: அதுவரை அரசின் கண்ணில் படாத கிராமப் பள்ளிகள் பல மானியத்துக்காகப் பதிவேட்டுக்குள் வந்தன. 1882-இன் ஹண்டர் கமிஷன் தொடக்கப் பள்ளிகளுக்கு இதை ஆதரித்ததற்கும் அதுவே காரணம். ஆனால் வகுப்பறையில் நடந்தது வேறு. பள்ளி ஆய்வாளராகவே பல்லாண்டு வேலை பார்த்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இங்கிலாந்தில் திரும்பத் திரும்ப எழுதியது இதைத்தான்: தேர்வுக்குரிய வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் பிள்ளை தேறிவிடும், வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்கு அந்த அளவு தெரிய வந்தபோது ஆண்டு முடிந்திருந்தது. அதைக் கொண்டு மாற்ற வேண்டிய பாடமும் மிச்சமில்லை. 1904-இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் இந்த முறைக்கு விடை கொடுத்தது. ஏறத்தாழ 40 ஆண்டு ஓடிய ஏற்பாடு அது. அதன் பழக்கங்கள், குறிப்பாக ஆய்வாளர் வருகிறார் என்றதும் பதிவேடுகளைச் சரிசெய்யும் பழக்கம், தீர்மானத்தோடு போய்விடவில்லை.

கோரியின் நூல் வந்தபோது அமெரிக்காவிலும் இதே எரிச்சல் இருந்தது. பல்கலைக்கழகம் ஆராயும், பள்ளி கீழ்ப்படியும் என்ற பிரிவினை வேலைக்கு ஆகவில்லை என்பது அவர் கட்சி. ஆசிரியரே தம் வகுப்பை ஆராயட்டும் என்றார். இந்தியாவில் இந்தக் கருத்து அரசு ஏற்பாடாக ஊன்றியது 1986-இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு. மாவட்டந்தோறும் அமைந்த ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் கடமைகளில் செயலாராய்ச்சியும் ஒன்றாக எழுதப்பட்டது. நாளடைவில் அது ஒரு பயிற்சி ஒப்படைப்பாகச் சுருங்கியது. முன்னுரை, நோக்கம், முன்தேர்வு, இடையீடு, பின்தேர்வு, சதவீத அட்டவணை, ஸ்பைரல் போட்ட அறிக்கை. முன்தேர்வைவிடப் பின்தேர்வில் மதிப்பெண் கூடாத அறிக்கையை அலமாரிகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த அறிக்கைகளில் காணாமல் போவது எது என்று பார்க்க ஒரு கழித்தல் கணக்கு போதும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், தவறு செய்யும் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். மதிப்பெண் பட்டியலில் இவர்கள் எல்லோருக்கும் பூஜ்யம். ஆனால் இந்த 35 இரண்டு வழியில் வரும். ஒரு பிள்ளை ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்று கண்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடும். இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இலிருந்து 7-ஐக் கழிக்கும். பத்தின் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்துவிடும். விடை ஒன்றுதான், நோய் வேறு. ஆசிரியர் இதைக் கவனித்து மறுநாள் 53-இலிருந்து 27 என்று கொடுத்தால், முதல் பிள்ளை 34 என்றும் இரண்டாம் பிள்ளை 36 என்றும் எழுதித் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் பிள்ளைக்குத் தேவை பத்துக் குச்சிக் கட்டும் தனிக் குச்சிகளும். கட்டைப் பிரித்துப் பார்க்காமல் கடன் வாங்குவது அதற்குப் புரியாது. இரண்டாம் பிள்ளைக்கு மாற்றிய எண்ணைத் தலைக்கு மேல் எழுதும் பழக்கம் வந்தால் போதும். இப்படி ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்தத் தவறான விடைதான் தரவு. 40 சதவீதம் 70 சதவீதம் ஆனது என்ற அட்டவணையில் இந்த இரண்டு பிள்ளைகளும் கரைந்துபோகிறார்கள்.

இந்த நூற்றாண்டில் தமிழகம் இதற்கு மிக அருகே வந்த காலம் ஒன்று உண்டு. ஆந்திரத்தின் மதனப்பள்ளி பக்கம், ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஓர் அட்டை முறையை உருவாக்கியிருந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துப் பயின்று வந்தார்கள். தமிழுக்கு ஏற்ற அட்டைகளை ஆசிரியர்களே தயாரித்தார்கள். 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. வகுப்பறை உருமாறியது. மேசை நாற்காலி போய்ப் பாய் வந்தது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் செய்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை ஏணியில் தன் படியைத் தானே பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, தனக்குரிய குழுவில் போய் உட்காரும். முடித்தால் அடைவு அட்டவணையில் குறிப்பு ஏறும். திண்ணைப் பள்ளியின் பழைய குணம், அவரவர் வேகத்தில் அவரவர் படி என்பது, பிரம்பும் விலக்கும் இல்லாமல் திரும்பி வந்தது போலிருந்தது. தரவு சுவரிலேயே, பிள்ளையும் ஆசிரியரும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில் இருந்தது. 2007-இல் இது மாநிலம் முழுக்க, 37,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே ஆண்டில் விரிந்தது. சறுக்கியதும் அங்கேதான் என்பது என் கணிப்பு. மாநகராட்சி ஆசிரியர்களுக்கு அது தாங்கள் செய்து பார்த்து உருவாக்கிய முறை. மற்றவர்களுக்கு அது பெட்டியில் வந்து இறங்கிய அட்டை. அட்டையில் பிழை இருந்தாலும், ஏணியின் வரிசை தம் ஊர்ப் பிள்ளைக்குப் பொருந்தாவிட்டாலும், மாற்ற அவர்களுக்கு வழி இல்லை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் மாதிரி ஆய்வான அசரின் அந்த ஆண்டு அறிக்கைகளில் தமிழ்நாடு வாசிப்பில் முன்வரிசைக்கு வரவில்லை. 2012-இல் முப்பருவ முறையோடு பாடநூல் மீண்டும் நடுவே வந்தது. ஏணி மெல்ல ஒதுங்கியது.

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, பிள்ளை எங்கே நிற்கிறது என்ற கேள்வி அவசரமானது. 2022 அசர் ஆய்வில் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கியது. ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாக மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டதையும், மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்ததையும் காட்டினார்கள். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. இது சரியான தொடக்கம் என்றே நினைக்கிறேன். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டு, எங்கே நிற்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பது. ஆனால் நிலையைப் பதிவது செல்பேசிச் செயலியில். சிக்னல் கிடைக்காத ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்வியைத் திறந்து பதில் அழுத்துவதில் பாடவேளை கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவுகளிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கோரின. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குபவர்கள் மானிய முறையின் 40 ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே அளந்தால் பொய்க் கணக்கு வராதா? வரும், அந்தக் கணக்கை வைத்து அவரை எடை போட்டால். எடை போடுவதற்கு வேறு கருவி இருக்கிறது. மாநிலம் எப்படி இருக்கிறது என்று அறிய அசர் போல மாதிரி ஆய்வு போதும். அதற்கு ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு விடையும் சென்னைக்கு ஏற வேண்டியதில்லை. ஒரே அளவை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தும்போதுதான் இரண்டும் கெடுகின்றன. மத்தியப் பிரதேசத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு: பள்ளிகளை மதிப்பிட்டு மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்த ஒரு பெரிய அரசுத் திட்டத்தைச் சோதித்தபோது, மதிப்பீடும் திட்டமும் காகிதத்தில் கச்சிதமாக முடிந்திருந்தன, பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் இல்லை. இரண்டாவது வாதம் புள்ளியியலாளருடையது. ஒப்பிட வேறு வகுப்பு இல்லாமல் முன்தேர்வு, பின்தேர்வு மட்டும் நடத்தினால் என்ன தெரியும்? மூன்று மாதத்தில் பிள்ளை எப்படியும் கொஞ்சம் வளரும். இது உண்மை. கோரிக்கும் அந்தக் காலத்திலேயே இந்தக் கண்டனம் வந்தது. அதனால் ஒரு வகுப்பின் செயலாராய்ச்சியை மாநிலத்துக்கே பொது விதியாக்குவது தவறு. ஆனால் அடுத்த வாரம் அந்த வகுப்பில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை வேறெங்கும் கிடைக்காது.

மூன்றாவது வாதம்தான் கடினமானது. ஆந்திரத்தில் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நூறு கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கு, ஒவ்வொரு பிள்ளையும் எதில் தடுமாறுகிறது என்ற விரிவான அறிக்கையைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டு முடிவில் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆக, தரவு ஆசிரியர் கைக்கு வந்தாலும் பலனில்லை என்றாகிறதே? போதாததற்கு, பிள்ளைகள் முன்னேறினால் ஊக்கத்தொகை என்று சொன்ன பள்ளிகளில் மதிப்பெண் உண்மையாகவே உயர்ந்தது. அங்கே அறிக்கையைப் பயன்படுத்தினோம் என்று சொன்ன ஆசிரியர்களின் பிள்ளைகள் கூடுதலாகவும் தேறினார்கள். இதை நான் ஒதுக்க விரும்பவில்லை. அக்கறை இல்லாத இடத்தில் தகவல் தானாக வேலை செய்யாது என்று அது காட்டுகிறது. என் வாதத்தில் பாதியை அது திருத்தவும் செய்கிறது. ஆனால் அந்த அறிக்கையும் வெளியார் தயாரித்த தேர்விலிருந்து வெளியார் எழுதியது. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அல்ல. 53-இலிருந்து 27 என்ற கணக்கைத் தாமே யோசித்துக் கொடுத்தவர், விடையைப் பார்க்காமல் விடமாட்டார். ஊக்கத்தொகைக்கும் மானிய முறைக்கும் உள்ள தூரம் பெரிதல்ல. நன்றாகக் கண்காணித்த சோதனையில் பலித்தது, சில ஆண்டுகளில் பதிவேடு திருத்தும் பழக்கமாக மாறாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தொகைக்குப் பதிலாக ஆசிரியருக்குக் கொடுக்கக்கூடியது உரிமை: வராத பாடத்தை நிறுத்தி வைக்க, வரிசையை மாற்ற, பிள்ளைகளை வேறு விதமாகக் குழு பிரிக்க.

கல்வித் துறை இதற்காகப் புதிய திட்டம் எதையும் அறிவிக்க வேண்டாம். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள், பலிக்காமல் போன செயலாராய்ச்சி அறிக்கைகளையும் பெற்றுப் பாதுகாக்கட்டும். எது பலிக்கவில்லை என்பது அடுத்த பள்ளிக்கும் தெரிய வேண்டும். செயலியில் பதிவான பிள்ளையின் விடையைச் சதவீதமாக்காமல், தவறு தவறாகவே, அன்று மாலையே அந்த ஆசிரியருக்குத் திருப்பித் தாருங்கள். மாநிலத்துக்கு வேண்டிய சதவீதத்தை மாதிரி ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.